ராஜாக்களுக்கு ‘ஆர்’ போடுகிறவர்

கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு அடியில் எஃகு அளவுகோலை வைத்து, அங்கிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு வருகிறார் அச்சகத்தில் பிழை திருத்தும் அம்மாள். சிவப்புப் பென்சில் காதில் செருகியிருக்கிறது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி. ஒரு வரி முடிந்ததும் அளவுகோல் ஒரு படி மேலே ஏறும். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, “தாளைத் திருப்பி வெச்சிருக்கீங்களோ?” என்று கேட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“மேலேருந்து படிச்சா கதை நம்மள இழுத்துட்டுப் போயிடும் சார். அந்தக் கேப்புல பிழை நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டு ஓடிடும். கீழேருந்து வந்தா அதுக்கு ஓட எடமில்ல.”

அவர் அப்படிக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டிருந்தது என் நூல். உலகத்தை ஆண்ட அரசர்களைப் பற்றி ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியது, ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். அவர் போகும் வழியில் போனால் ஒவ்வொரு மன்னரும் முதலில் சாவார், அப்புறம் நோயில் விழுவார், அப்புறம் போருக்குப் போவார், முடிசூடுவார், கடைசியாகத் தொட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். “எங்கிட்ட வந்தா எல்லா ராஜாவும் கொழந்தையாத்தான் முடிவாங்க” என்றார்.

அச்சகத்தில் அவருக்குச் சந்தியம்மா என்று பெயர். இரண்டு சொல் சேருமிடத்தில் விட்டுப்போன ‘க்’, ‘ச்’, ‘த்’, ‘ப்’ எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை என்பதால் வந்த பெயர். “நம்ம புத்தகம் சந்தி சிரிக்காம இருக்குதுன்னா அதுக்குச் சந்தியம்மாதான் காரணம்” என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஐம்பத்தாறு வயது. மூன்றாம் மாடியில், கீழே இயந்திரம் ஓடினால் மேசைத் தண்ணீர் நடுங்கும் ஓர் அறையில், முப்பது வருடங்களாக உட்கார்ந்திருக்கிறார். மின்தூக்கியில் ஒட்டியிருந்த ‘அவசரத்திர்கு அழைக்கவும்’ என்ற அறிவிப்பைத் திருத்தியவர் அவர்தான். மருந்துச் சீட்டு, துணிக்கடைப் பை, திருமண அழைப்பு எதையும் விடுவதில்லை. உறவினர்கள் அவருக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கும் என்று கேள்வி.

பிழை திருத்துகிறவர்கள் நூலின் விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது தொழில் மரியாதை. இவரும் தலையிடுவதில்லை. ஆனால் ஓரங்களில் சின்னச் சின்னதாக ஏதாவது விழுந்திருக்கும். தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, தொட்டால் உடைந்துவிடும் என்று நம்பிய பிரெஞ்சு மன்னர் ஒருவர் உண்டு. அவருக்கு நேரே ‘பாவம்’ என்று இருந்தது. அரண்மனைக்கு வருகிறவர்களின் பல்லைத் தாமே பிடுங்கிவிடும் ஆசைகொண்ட ரஷ்யச் சக்கரவர்த்திக்கு நேரே ‘வலிக்க வலிக்கவா?’ என்று கேட்டிருந்தார். ஷாஜஹானை அவர் மகனே சிறைவைத்ததையும், மூத்த மகள் உடன் தங்கிக் கடைசிவரை கவனித்துக்கொண்டதையும் நான் இரண்டே வரியில் முடித்திருந்தேன். அங்கே இருந்த குறிப்பு கொஞ்சம் நீளம்: ‘எட்டு வருடமும் மகள் கூடவே இருந்தாரா? உறுதி செய்க.’

ஆமாம் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் நேரிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏன் இருந்தாங்கன்னு எழுதலியே சார்?”

“ஏன்னா என்னம்மா, அப்பா மேல பாசம்.”

“பாசம் ஒரு வருஷம் தாங்கும். எட்டு வருஷத்துக்கு வேற என்னமோ வேணும்.” அவ்வளவுதான். அளவுகோல் அடுத்த வரிக்கு ஏறிவிட்டது.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது ஒற்றை எழுத்தினால். எனக்குப் பிடித்த மன்னர்களை ‘ஆண்டார்’ என்றும், பிடிக்காதவர்களை ‘ஆண்டான்’ என்றும் எழுதியிருந்தேன். ஏரி வெட்டியவர் வந்தார், போனார். ஊரைக் கொளுத்தியவன் வந்தான், போனான். இதில் எனக்கு ரகசியமாகப் பெருமையும் உண்டு. ஒரு வசவுச்சொல் இல்லாமல், ‘ர்’ போட வேண்டிய இடத்தில் ‘ன்’ போட்டு ஒரு பேரரசனையே கீழே இறக்கிவிடலாம், பாருங்கள். சிலர் பத்தியின் தொடக்கத்தில் ‘ஆர்’ ஆக இருந்து, புத்தி கெட்டதும் பத்தியின் நடுவிலேயே ‘ஆன்’ ஆகியிருந்தார்கள். சந்தியம்மா இருநூற்றுப் பதினேழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, எல்லோருக்கும் ‘ஆர்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நியாயம் கேட்க முதலாளி அறைக்குப் போனேன். அவர் சந்தியம்மாவையும் வரவழைத்தார். முதலாளி என் கட்சி. “பெத்த மகனையே அடிச்சுக் கொன்னவனுக்கு எதுக்கும்மா மரியாதை?” என்றார், ரஷ்ய அத்தியாயத்தைத் தட்டிக் காட்டி.

“கொன்னாருன்னு போட்டா கொன்னது இல்லேன்னு ஆயிடுமா?” என்றார் சந்தியம்மா. குரல் ஏறவே இல்லை. “திட்டணும்னா விஷயத்தச் சொல்லித் திட்டுங்க சார். விகுதிய வெச்சுத் திட்டாதீங்க. அது கோழைத்தனம். அச்சுல ஏறிட்டா நல்லவரு கெட்டவரு எல்லாரும் ஒண்ணு.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். முகத்தில் அசடு வழிய, ‘ஆர்’ போட ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

நூல் வெளிவர இரண்டு வாரம் இருக்கும்போது அவர் திடீரென்று விடுப்பில் போனார். முப்பது வருடத்தில் தொடர்ந்து நான்கு நாள் வராமலிருந்தது அதுதான் முதல் தடவையாம். அட்டவணைப் பக்கங்களை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன். இரண்டாம் மாடியில் நீளவாக்கில் ஒரு வீடு. கூடத்தில் சாப்பாட்டு மேசை, அதன் ஒரு பாதியில் தட்டுகள், மறுபாதியில் அகராதிகள். அவர் கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர், சமையலறையில் எதையோ குழைத்துக்கொண்டிருந்தார்.

“அவன் எந்திரிச்சிட்டானா பாருங்க” என்று சந்தியம்மா உள்ளே குரல் கொடுத்தார். “எந்திரிச்சிருந்தான்னா ரெண்டு வாய் குடுங்க. அப்புறம் சாப்பிட மாட்டான், அழுவான்.”

“பேரன் வந்திருக்கானா?” என்று கேட்டேன்.

“பேரனா? எங்கப்பன் சார்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரைக் கொளுத்தியவனுக்கெல்லாம் ‘ஆர்’ போட வைத்த அம்மாள் இவர்.

அவரே சொன்னார். எந்தச் சோகமும் காட்டாமல், பழைய பிழைகளின் பட்டியல் படிப்பது போலச் சொன்னார். அப்பா பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பது வேலை. கழுத்தில் விசில் தொங்கும். வீட்டிலும் அது கழுத்தில்தான் தொங்கியது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஒரு விசில் என்றால் அம்மா, இரண்டு என்றால் அண்ணன். “என் பேரு மூணு விசில். பள்ளிக்கூடத்துல டீச்சர் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, யாரையோன்னு ஒக்காந்திருப்பேன்.” குளிக்க ஏழு நிமிடம், சாப்பிடப் பத்து நிமிடம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்ற மூவரும் சுவரோரம் நிற்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் சேர இவருக்கு இடம் கிடைத்த வாரம், தோழி வீட்டிலிருந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தார் என்பதற்காக, சேரச் சொல்லி வந்த கடிதத்தை இவர் கண்ணெதிரிலேயே அப்பா நான்காகக் கிழித்திருக்கிறார்.

“எங்க வீட்டுல ராஜா ஆட்சி சார். உங்க புத்தகத்துலதான் இடம் கெடைக்கல.”

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சு போய்விட்டது. இதுவரை அண்ணன் வீட்டில் இருந்தார். போன வாரம் அண்ணன் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இனி முடியாது, ஒன்று நீ வைத்துக்கொள், இல்லையென்றால் முதியோர் இல்லம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இல்லத்து ஆள் மாலை நான்கு மணிக்கு விண்ணப்பத்தை வாங்க வருகிறார். அது மேசையில், அகராதிக்கு அடியில் இருந்தது.

“சார், ஒரு உதவி. என் கையெழுத்துல இருக்கற பிழை என் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தடவ பார்த்துக் குடுங்க.”

வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பெயர், வயது. அந்த இல்லத்துக்காரர்கள் வீடுகளுக்கும் ஆள் அனுப்புவார்களாம். அதனால் ‘பராமரிப்பு: இல்லத்தில் தங்கி / வீட்டிலேயே. வேண்டாததை அடித்துவிடவும்’ என்று அச்சிட்டிருந்தது. ‘வீட்டிலேயே’ அடிக்கப்பட்டிருந்தது. அளவுகோல் வைத்து இழுத்த நேர்க்கோடு. பின்பக்கத்தில் ‘பழக்கவழக்கங்கள்’ என்று ஒரு கட்டம். அதில் அவருடைய மணி மணியான எழுத்து.

முதல் வரியிலேயே எனக்கு வேட்டை கிடைத்துவிட்டது. “அம்மா, ‘பயப்படுவான்’னு இருக்கே! ஆர் எங்க? அடுத்தடுத்தும் ஆன். ஒம்போது எடம்!” எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கவில்லை. இருநூற்றுப் பதினேழுக்கு ஒன்பதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

சந்தியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு சிரித்தார். “பேச்சு பழக்கம் கையில வந்துடுச்சு. மாத்துங்க சார், எல்லாத்தையும் மாத்துங்க. இப்பிடியே குடுத்தா அங்க இருக்கறவங்களும் அவன் இவன்னுதான் பேசுவாங்க.”

“நீங்க பேசலாமா?”

“நான் பேசுவேன். மூணு விசில் வாங்கினவ நானு. எனக்கு உரிமை இருக்கு. அவங்களுக்கு என்ன உரிமை?”

பென்சிலை எடுத்துக்கொண்டு முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். ‘இருட்டுக்குப் பயப்படுவான். படுக்கும் முன் கதவு சாத்தியிருப்பதை ஒரு தடவை காட்ட வேண்டும். சோறு நன்றாகக் குழைந்திருந்தால் மூன்று வாய் கூடுதலாகச் சாப்பிடுவான். குளிக்கும்போது எடுத்ததும் தலையில் ஊற்றினால் மூச்சு முட்டி அழுவான்; காலிலிருந்து ஊற்றிக்கொண்டு வரவும். அதட்டக் கூடாது.’ கட்டம் முழுக்க இப்படியே.

பென்சில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. இந்த ‘ஆன்’ என்னுடைய ‘ஆன்’ இல்லை. நான் போட்டது ஆளைக் கீழே இறக்குவதற்கு. இது, பிள்ளையை முதல் முதலாக வேறொருவர் கையில் விட்டுவிட்டு வருகிற தாய் சொல்லிவிட்டு வருகிற ‘ஆன்’. பெயரை மறைத்துவிட்டு யாரிடம் காட்டினாலும் மூன்று வயதுப் பையன் என்றுதான் சொல்வார்கள். ஆறு வருடம் ராஜாக்களோடு குடித்தனம் நடத்தியவன் நான், இந்த ஓரெழுத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

“என்ன சார், நின்னுட்டீங்க?”

“எனக்கு இதத் திருத்த வரலம்மா” என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளறையில் டம்ளரைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. சந்தியம்மா எழுந்துவிட்டார். விசில் ஊத முடியாத வாய்க்கு இப்போது அந்த டம்ளர்தான் போலிருக்கிறது.

திறந்த கதவு வழியே தெரிந்தது. கட்டிலில் வற்றிப்போன ஒரு மனிதர், ஒரு பக்கம் கோணிய வாய். சந்தியம்மா இடது கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார். அவர் அந்த மணிக்கட்டைத் தன் நல்ல கையால் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வண்டி கிளம்பலாம் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. சந்தியம்மாவும் கையை இழுக்கவில்லை. பிடி தானாகத் தளரும்வரை குனிந்தபடியே நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். “இத எழுத மறந்துட்டேன் பாருங்க” என்று விண்ணப்பத்தை இழுத்து, ‘மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைக் காட்ட வேண்டும்’ என்று எழுதினார். முற்றுப்புள்ளி வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க இருபத்தெட்டு பேராம் சார்” என்றார். “மணிக்கு ஒரு தடவ யாரு கையை நீட்டுவா?”

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, கிண்ணத்தோடு உள்ளறைக்குப் போனார்.

“நான் மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. அந்தக் கடுதாசி கிழிஞ்ச சத்தம் இப்பவும் காதுல இருக்கு.”

“இல்லம்மா, நினைக்கல.”

வாசலில் அழைப்பு மணி அடித்தது. மணி நான்கு. சந்தியம்மா காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளை முன்பக்கம் திருப்பினார். அடித்த சொல் மறுபடி வேண்டும் என்றால், அழிக்காமல் அதன் அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ஒரு சொல் எழுதுவது பிழை திருத்துவோர் வழக்கம். அச்சகத்தில் எல்லோருக்கும் புரியும், வாசலில் நிற்கிற ஆளுக்குப் புரியாது. அந்த நேர்க்கோட்டுக்கு அடியில், ‘வீட்டிலேயே’ என்பதன் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போய், ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார்.