காலும் காந்தமும்

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. நேர்காணலுக்குப் பதிலாக, மாணவர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். 2004 என்று நினைவு. பிஎச்.டி. முடித்துவிட்டு ஆண்டிமடத்தில் அப்பாவின் முந்திரித் தோப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

என் ஆய்வையே பாடமாக எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு மூலக்கூறு, தானே ஒரு காந்தம். கடுங்குளிரில் அதன் முனை மேலே பார்க்கும், இல்லையென்றால் கீழே. பார்த்த திசையை ஞாபகம் வைத்திருக்கும். இரண்டு திசைக்கும் நடுவில் ஓர் ஆற்றல் சுவர்.

"ரஞ்சன்குடிக் கோட்டைச் சுவர்னு வச்சுக்கங்க. காந்த முனை அதுல ஏறாமலே அந்தப் பக்கம் போயி நிக்கும். அதுதான் டன்னலிங்" என்றேன். மூலக்கூறு சமச்சீராக இருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். கொஞ்சம் கோணினாலும் திறந்துகொள்ளும். கடைசி பெஞ்சுகூடத் தூங்கவில்லை.

முடிந்ததும் முதல்வர் எழுந்தார். என் இடது கால் சிறு வயதில் போலியோவால் சூம்பியது. நான் மேடை ஏறும்போதே அதைப் பார்த்திருந்தார்.

"பாத்தீங்களா, கோணல்தான் வழியத் தொறக்குது! நம்ம மேடத்தோட கால் மாதிரி. அந்தக் குறைதான் இவங்கள இவ்ளோ தூரம் கொண்டாந்துருக்கு."

கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்து நன்றி சொல்லி இறங்கியிருந்தால் வேலை கையில். அது தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

"அது தப்புங்க சார். டன்னலிங் நடந்தா காந்தத்துக்கு ஞாபகம் போயிடும். எங்களுக்கு அது நஷ்டம். அந்த வழிய அடைக்கத்தான் அஞ்சு வருஷம் மாரடிச்சேன். கோணல் எனக்கு ஒண்ணும் தொறந்து வுடல. படிச்சேன், வந்தேன். பாடத்துல கேள்வி இருந்தா கேளுங்க."

"சரிம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார் முதல்வர். அனுப்பவேயில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் என் காலைப் பார்த்துவிட்டு ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தேன், அவ்வளவு நேரம் நின்றதில் கால் வலித்தது. காலுக்கு சீட் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். காந்தத்துக்கான மார்க்கை மட்டும் என் மண்டைக்குப் போடுங்கள்.