ஒரு மரத்துக்கு ஒரு அம்பு

நான் விட்ட அம்பு வாழையில் தைக்காமல் கீழே விழுந்த அன்று, ஊரே என் கையைத்தான் பார்த்தது.

கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு நான் பூசாரி. காலையும் மாலையும் கோயில், நடுவில் ஆட்டோ. வருஷத்தில் ஒரு நாள், விஜயதசமி சாயங்காலம், அம்மன் குதிரை வாகனத்தில் ஏரிக்கரைக்கு வேட்டைக்குப் போவாள். அங்கே ஒரு வாழை மரத்தை நட்டு வைத்திருப்பார்கள். அதுதான் அசுரன். அம்மனுக்குப் பதிலாகப் பூசாரி இருபது அடி தள்ளி நின்று ஒரே ஒரு அம்பு விட வேண்டும். தைத்தால் ஊருக்கு நல்லது. தைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, என் காலம் வரைக்கும் அப்படி நடந்ததும் இல்லை.

அன்றைக்குத் தூறல். நூல் கயிற்றில் கட்டிய நாண் நனைந்து தொய்ந்துவிட்டது. அம்பு வாழையின் பக்கத்தில் உரசி வழுக்கி மரத்தடியில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு, கயிறு நனைந்துவிட்டது என்று ஏதோ உளறினேன். தர்மகர்த்தா சிரித்தார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கயிறு இன்னாய்யா பண்ணும், கை சுத்தமா இருந்தா?" என்றார். நான் வீடு வந்து சேர்வதற்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் என் அம்பு நாலு தடவை விழுந்திருந்தது.

பதினைந்து நாளில் என் மனைவிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். "இது நேத்து வந்தது இல்லீங்க. சர்க்கரை பல வருஷமா உள்ளயே அரிச்சிருக்கு" என்றார் டாக்டர். எனக்குப் புரிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நரம்பில்லாத நாக்கு சும்மா இருக்குமா? பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, கையில் ஆரஞ்சுப் பழத்தோடு, என் மனைவி முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "அம்பு தப்பின வருஷம்மா இது. அம்மன் பூசாரி வீட்லயே கை வெச்சிட்டா." பொட்டாசியம் ஜாஸ்தி என்று இவளுக்கு ஆரஞ்சே ஆகாது. பழத்தைத் தூக்கி வெளியே எறிந்தேன். சொன்ன சொல்லை எப்படி எறிவது?

என் மனைவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னது அவளுக்கு ஏறவில்லை, இதுதான் ஏறியது. "ஏங்க, வர்ற விஜயதசமிக்கு அம்பு பட்டுச்சுன்னா எனக்குச் சரியாயிடும், பாருங்க" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மிஷினில் படுத்திருக்கும்போதும் அதைத்தான் சொன்னாள். நான் என்ன சொல்வேன்? சரி என்றேன்.

கோயில் வில்லை வெளியே எடுக்கக் கூடாது. அதே நீளத்துக்கு மூங்கிலைப் பிளந்து நானே ஒன்று கட்டினேன். அம்புக்கும் அதே மூங்கில் குச்சி, முனையில் அதே தகர மூக்கு. முதலில் வீட்டுப் பின்னால் ஒரு பலகையை வைத்துப் பழகினேன். பத்து அம்பு விட்டால் எட்டாவதிலிருந்து பட்டது. அப்புறம்தான் உறைத்தது, திருவிழாவில் எட்டாவது அம்பு கிடையாது. கை பழகாத இடத்தில், முதல் அம்பே தைக்க வேண்டும்.

அதனால் ஏரிக்குப் பின்னால் இருக்கும் தைலமரத் தோப்புக்குப் போக ஆரம்பித்தேன். அதைத் தாண்டினால் வேலிகாத்தான் முள்ளுக்காடு, நடுநடுவே மொட்டைப் பனை. காட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பேன். கண்ணில் ஒரு அடிக்கட்டை பட்டால் நின்ற இடத்திலிருந்தே ஒரு அம்பு. பட்டாலும் படாவிட்டாலும் அதே மரத்துக்கு இரண்டாவது அம்பு கிடையாது. அம்பைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். ஒரு கட்டை மேட்டில் இருக்கும், ஒன்று பள்ளத்தில், ஒன்று பாதி நிழலில். ஒரு தடவை விழுந்து கிடந்த பனைமட்டை, ஒரு தடவை சப்பாத்திக் கள்ளியின் ஒரே ஒரு மடல். புற்றுப் பக்கம் மட்டும் வில்லைத் திருப்பவில்லை. இருக்கிற சாபம் போதாதா?

முதல் மூன்று மாதம் பத்து மரத்துக்கு இரண்டு பட்டால் பெரிய விஷயம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்பாள்: "பட்டுச்சாங்க?" நான் சொல்வேன்: "பத்தும் பட்டுச்சு." தினமும் இதே கேள்வி, இதே பொய். "தினம் பத்தும் பட்டா அந்தக் காட்டுல மரம் மிஞ்சுமா?" என்று கிண்டல் செய்வாள். ஆனால் முகம் தெளிந்துவிடும்.

வனக் காவலர் ஒருநாள் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா, மானுக்கு வந்தியா?" "அம்மனுக்குங்க" என்றேன். அம்பை வாங்கித் தகர மூக்கை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுல எலி கூட சாவாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மானமே போனது. அதை அவளிடம் சொன்னபோது, மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் அவளுக்குக் கணக்கு. சித்திரை வெயிலில் ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் வண்டை மூடிப் பிடித்த மாதிரி விர்ரென்று அதிரும். என் கையை இழுத்து அதன்மேல் வைத்துக்கொள்வாள். "ஓடுதா?" "ஓடுது." அதன் பிறகுதான் தூங்குவாள்.

ஆடியில் ஒரு தோட்டக்காரரிடம், தார் வெட்டிய வாழை மரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் காட்டில் நட்டேன். அப்போதுதான் போன தடவை ஏன் தப்பியது என்று தெரிந்தது. வாழை உருண்டை, மேலெல்லாம் வழவழப்பு. நட்டநடுவில் பட்டால்தான் தைக்கும். இரண்டு விரல் தள்ளினால் வழுக்கிவிடும். இப்படி ஒரு மரத்தை அசுரன் என்று நட்டவன் யாரோ, நல்ல பாவிதான். மரத்தின்மேல் தண்ணீர் ஊற்றி, நாணை நனைத்து, தோப்பையெல்லாம் சுற்றிவிட்டு வந்து வாழைக்கு ஒரே ஒரு அம்பு விடுவேன். ஆவணிக் கடைசியில் தைக்க ஆரம்பித்தது.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள், பத்து மரத்தில் எட்டு பட்டது. நனைந்த வாழையிலும் முதல் அம்பே உள்ளே போய் நின்றது. ஆட்டோவைப் பறக்கவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"பட்டுச்சாங்க?"

"பத்துக்கு எட்டு பட்டுச்சு. வாழையில நட்டநடுவுல!"

அவள் என்னையே பார்த்தாள். "நேத்து பத்தும் பட்டுச்சுன்னீங்களே?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவள் என் புறங்கையைத் தட்டி, "எட்டு போதுங்க" என்றாள்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் காப்பி போட்டு எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்தேன். அதிரவில்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, கொள்ளி நான்தான் வைத்தேன். பதினாறு நாள் தீட்டு. பூசாரி கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டுதான், அதனால் எங்கள் வகையறாவில் ஒருத்தரும் வில்லைத் தொட முடியாது. விஜயதசமி பத்து நாளில் வந்துவிட்டது. பூசைக்கு வெளியூர்ப் பூசாரியைக் கூப்பிட்டார்கள். ஊர் வில்லை வெளியாள் தொடக் கூடாதாம். தர்மகர்த்தாவே அம்பு விடுவதாக முடிவானது.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஏரிக்கரையின் அந்தக் கோடியில், அம்மன் நிழல்கூட என்மேல் படாத தூரத்தில், ஒரு பனைமரத்தை ஒட்டி நின்றுகொண்டேன்.

தர்மகர்த்தா வில்லை எடுத்தார். இருபது அடி அவருக்கு ஜாஸ்தியாகத் தெரிந்ததோ என்னவோ, முன்னால் நகர்ந்து ஆறடிக்கு வந்து நின்றார். மழை இல்லை, காற்று இல்லை. அம்பு வாழையின் பக்கத்தில் உரசி, வழுக்கி, மரத்தடியில் விழுந்தது. போன வருஷம் என்னுடையது விழுந்த அதே இடம்.

மேளம் நிற்கவில்லை. அவருடைய மைத்துனர் ஒரே எட்டில் போய்க் குனிந்தார், அம்பை எடுத்தார், கையாலேயே வாழையில் குத்தி நிறுத்தினார். "ஓம் சக்தி! பராசக்தி!" என்று ஊரே கத்தியது. தர்மகர்த்தாவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்கு குரூப்பில் வந்த வீடியோ, அம்பு மரத்தில் நிற்பதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பக்கத்து வீட்டம்மாவும் கும்பிட்டிருந்தாள்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன். படுத்தும் தூக்கம் இல்லை. அந்த மைத்துனர் குனிந்து நிமிர்ந்தது ஒரு மூச்சு விடும் நேரம். எனக்கும் அதே மரம், அதே மேளக்காரர்கள். நான் மரம் மாதிரி நின்றதால்தானே அவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்? நாலு எட்டில் ஓடிப்போய் எடுத்துக் குத்தியிருந்தால், 'அம்பு தப்பின வருஷம்' என்ற வார்த்தை அவள் காதில் விழுந்தே இருக்காது. டாக்டர் சொன்னது சரிதான், எப்படியும் போயிருப்பாள். ஆனால் என் அம்பை எதிர்பார்த்துக் கிடந்து போயிருக்க மாட்டாள்.

தினமும் அவளிடம் பொய் சொல்லத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு ஊரிடம் ஒரே ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லையே.