வெள்ளைப் புள்ளி வைத்த நண்டுகள்

ஏரியில் நண்டு குறைகிறதா என்று ஆராய வந்த பெண் ஆய்வாளர் அவர். ஆண்கள் சட்டை, வெயிலில் தோலுரிந்த மூக்கு. பிடித்த நண்டின் ஓட்டில் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்து, "போயிட்டு வா" என்று சொல்லித்தான் தண்ணீரில் விடுவார். பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கையால் பிடித்து வருவதில் புள்ளி நண்டுகள் எவ்வளவு குறைவோ, ஏரியில் நண்டு அவ்வளவு அதிகம் என்பது கணக்கு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான் அவருக்கு உதவியாளர்.

கோடை முழுக்க ஒரு புள்ளி நண்டுகூட வரவில்லை. என் அம்மாவிடம் காரணம் கேட்டார்.

"ஆப்டுச்சு மேடம். நீ குறி போட்டதாச்சே, அடுத்தவங்க பொருள தொடுவமா? வுட்டுட்டோம். கொழுத்ததா பாத்து போட்டுட்டியேன்னு வவுறுதான் எரிஞ்சுது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத அப்படியே எழுதினா ஏரில நண்டு கொட்டிக் கிடக்குன்னு ஆயிடும். நாளைக்கு நீங்க நண்டு இல்லைன்னா யாரு நம்புவா? மறுபடி முதல்லேருந்து புள்ளி வைக்கணும்."

"எங்க தப்புக்கு நீ இன்னாத்துக்கு மறுபடி சேத்துல எறங்கணும்?"

"எதுக்குப் புள்ளின்னு உங்ககிட்ட சொல்லாதது நான்தானே?"

கோடை வேலை அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, மறுநாளே புதிதாகத் தொடங்கினார். இதே முறையைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். என் உழைப்பை அப்படிச் சிரித்துக்கொண்டே தள்ளிவைக்க என்னால் முடியுமா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.