கார்பைடு டின்னும் ஏழு அடுப்புகளும்

ரம்லத்துக்கு இரும்பைக் கண்டு பயமில்லை. அந்தக் கல்லைக் கண்டுதான் பயம். சாம்பல் நிறத்தில் ஜல்லி மாதிரி இருக்கும் கார்பைடு கல். தண்ணீர் பட்டால் பொங்கிப் புகைந்து காஸ் விடும். அந்தக் காஸைக் கொளுத்தித்தான் அவள் கணவன் சைபுதீன் இரும்பை உருக்கி ஒட்டுவான். தேவராவில் ஒரு பட்டறையில் அவனுக்கு வெல்டிங் வேலை. போன வருஷம் அங்கே காஸ் டாங்கி வெடித்து, பக்கத்தில் நின்ற ஆளின் முகம் வெந்துபோனது. ரம்லத் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். கட்டுகளுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது இமைக்கவே இல்லை. அன்றிலிருந்து சைபுதீன் வேலைக்குப் போனால், அவன் திரும்பி வரும் வரை அவளுக்கு ஒரு வாய் சாயாகூட இறங்குவதில்லை.

1952-ல், நோன்பு பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அந்தக் கல் அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அதற்குக் காரணம் என்று பார்த்தால் வீரபாண்டிதான். கம்பத்துக்காரர், மலையிலிருந்து மிளகும் ஏலமும் ஏற்றிவந்து மட்டாஞ்சேரி பாண்டிகசாலைக் கிடங்குகளில் இறக்குகிறவர். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம் விட்டதில் எடுத்த லாரி அவருடையது. மலைப்பாதையில் இடித்து முன்பக்க பம்பர் இரண்டாக ஒடிந்துபோயிருந்தது. பட்டறையில் இப்போதைக்கு ஆகாது என்றார்கள். சைபுதீன் வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

"பாய், யானை கணக்கா இருக்கணும். ரெண்டு பக்கமும் தந்தம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கட்டும்" என்றார் வீரபாண்டி.

அவர் போனதும் ரம்லத் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "பஜார் ரோட்டுல லாரி வந்தா கைவண்டிக்காரங்க செவுத்தோட செவுரா ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. அந்தத் தந்தம் எவன் வெலாவுல ஏறப் போகுதோ?"

சைபுதீன் தரையில் சாக்பீஸால் வரைந்தான். இரண்டு முனைகளும் பின்னோக்கி வளைந்து போகிற மாதிரி வரைந்தான். ஆனால் ஆறங்குலச் சேனல் இரும்பை எப்படி வளைப்பது? மேலும் கீழும் விளிம்பு நிற்கிறது. வளைத்தால் அந்த விளிம்பு கசங்கும். இரண்டு நாள் தலையைச் சொறிந்தான்.

ரம்லத் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பவள். பழைய பத்திரிகைத் தாளை எடுத்து, விளிம்பில் முக்கோணமாக நாலு வெட்டு வெட்டினாள். தாளை மடக்கினாள். வெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, தாள் அழகாக வளைந்தது.

"ரவிக்கைக்கு டாட் பிடிக்க மாட்டமா, அது மாதிரி. வெட்டிட்டு, வளைச்சு, வாயை ஒட்டிருங்க."

அவன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை அப்படியே இரும்பின்மேல் வைத்துக் கோடு போட்டான். வெட்டின வாயை ஒட்டக் காஸ் வேண்டும். காஸுக்குக் கல் வேண்டும். அரை டின் கார்பைடு பின்பக்கச் சாய்ப்பில் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்தது.

"இங்க வேண்டாங்க. பெரிய மழை வரப்போவுது."

"மூடி இறுக்கமா இருக்கு ரம்லா. என்ன ஆயிடும்?"

"என்ன ஆகும்னுதான் ஆஸ்பத்திரியில பாத்தேனே."

ஒரு நாளில் பத்துத் தடவையாவது போய் மூடியை அழுத்திப் பார்ப்பாள். ஆனால் டின்னின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதை அவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

நோன்பு பதினைந்து. விடிந்ததிலிருந்து மழை. பௌர்ணமிக் கடல் ஏற்றம் வேறு; காயலில் தண்ணீர் ஏறி நின்றதால் ஓடை எதுவும் வடியவில்லை. சைபுதீன் லாரியில் பம்பர் பூட்டும் துளைகளை அளந்துவரப் பள்ளுருத்திக்குப் போயிருந்தான். பிற்பகல் அஸர் தொழுகை முடித்த ரம்லத் கஞ்சிக்கு உலை வைத்தாள். வாசலில் வழிந்த தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. பக்கத்து வீட்டில் கஞ்சி தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கஞ்சிக்கு யாரும் இவ்வளவு பூண்டு போட மாட்டார்கள். கல் விடும் காஸுக்கும் அதே வாடைதான்.

சாய்ப்பை எட்டிப் பார்த்தாள். செங்கல் இரண்டும் முழுகிவிட்டன. டின்னைச் சுற்றித் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகக் கொதித்தது. 'உஸ்' என்ற சத்தம் நிற்கவே இல்லை. ஓடிவிடு என்றது உடம்பு. ஆனால் அந்த வரிசையில் ஏழு வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர் எதுவும் கூரை வரை எட்டாது. ஏழு வீட்டிலும் இந்நேரம் அடுப்பு எரியும். கடைசி வீடு கமலாக்ஷியின் சாயாக்கடை. அந்த அடுப்பு காலையில் பற்றவைத்தால் இருட்டின பிறகுதான் அணையும்.

கஞ்சிப் பானையை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு வெளியே ஓடினாள்.

"அடுப்பை அணைங்க! காஸ் கசியுது! அல்லாவுக்காக அணைங்க!"

"நோன்பு தொறக்கிற நேரத்துலயா? உன் புருஷன் வெச்ச வேலைக்கு நாங்க பட்டினி கெடக்கணுமா?" என்று அடுத்த வீட்டு லதீஃபா கத்தினாள். கத்திக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு வீடாக வசவு வந்தது. ஒவ்வொரு வீடாக அடுப்பு அணைந்தது. கடைசியில் கமலாக்ஷி. கடை பெஞ்சில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலு பேர் நனைந்துபோய் பீடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ரம்லத்துக்கு வாய் குழறியது. "சேச்சி... கல்லுல வெள்ளம் கேறிப் போச்சு."

கமலாக்ஷி அவள் முகத்தைத்தான் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த சாயாப் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். "பீடி கெடுத்தடா எல்லாரும்!" என்று அதட்டிப் பீடிகளை அணைக்க வைத்தாள். பிறகு முண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா மோளே, அந்த டின்னை எடுக்கலாம். தனியா நீ தூக்க மாட்டே" என்றாள்.

டின் சுட்டது. கைக்கு ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் ரம்லத் கலிமா சொன்னாள். பின்முற்றத்தில் மாமரத்தடி மேடு ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே இருந்தது. பாதி முடிந்த பம்பர் அங்கேதான் கிடந்தது. அதன்மேல் வைக்கப்போன கமலாக்ஷியை ரம்லத் தடுத்தாள். "வேண்டா சேச்சி, இரும்புல இரும்பு உரசினா பொறி பறக்கும்." சாக்கை மண்ணில் விரித்து அதன்மேல் இறக்கினார்கள். அடி ஓட்டையிலிருந்து வெள்ளைக் குழம்பு ஒழுகியது. டின்மேல் மழை விழாதபடி ஓலைப்பாயை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருவரும் எட்டி நின்றார்கள். உஸ் சத்தம் குறைந்தது; நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் 'டமார்' என்றது.

ரம்லத் அலறிக்கொண்டு சேற்றில் விழுந்தாள். காது அடைத்துப்போனது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள், முகம் இருந்தது.

"எழுந்திரு. பள்ளிவாசல்ல கதினா வெடி வெடிச்சது, நோம்பு துறக்கான்" என்றாள் கமலாக்ஷி.

அன்று அந்த வரிசையில் எல்லோரும் பச்சைத் தண்ணீரில்தான் நோன்பு திறந்தார்கள்.

சைபுதீனும் வீரபாண்டியும் வந்தபோது டின் அடங்கியிருந்தது. நடந்ததைக் கேட்ட சைபுதீன் வாசல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். வீரபாண்டி, "பாய், பம்பரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"செய்றதைச் செய்யட்டும் அண்ணே. ஆனா இங்க வேண்டாம்" என்றாள் ரம்லத். அவரிடம் அவள் நேரில் பேசியது அதுதான் முதல் தடவை.

இடக்கொச்சியில் ஆளில்லாத ஒரு கயிற்றுக் கிடங்கில் அந்த வேலை முடிந்தது. முனை வளைந்த பம்பரைப் பார்த்துவிட்டு வேறு லாரிக்காரர்களும் வந்தார்கள். சைபுதீன் பட்டறை வேலையை விட்டுவிட்டு அங்கேயே தொழில் போட்டான். குடியும் பெயர்ந்தது, பெயர வேண்டியிருந்தது. பெருநாள் கழிந்தும் வரிசையில் லதீஃபாவோ மற்றவர்களோ ரம்லத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கமலாக்ஷி மட்டும் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

ரம்லத் தைரியசாலி ஆகிவிடவில்லை. கிடங்கிலிருந்து முந்நூறு அடி எண்ணி நடந்துதான் குடியிருக்க வீடு பார்த்தாள். சைபுதீன் சாப்பாட்டு நேரத்துக்கு வராவிட்டால் கிடங்குக்குப் போகும் வழியில் போய் நிற்பாள். உள்ளே போக மாட்டாள்.

1964-ல் சைபுதீன் கரண்டில் ஓடுகிற வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினான்.

"இனி அந்தக் கல் வேண்டாமா?" என்று ரம்லத் கேட்டாள்.

"வேண்டாம்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட வேண்டாம் ரம்லா."

அன்று மதியம் அவன் வருமுன்பே சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தவள், அஸர் பாங்கு சொல்லும் வரை எழவில்லை.