ஸ்டெல்லாக்காவும் மர்பி டவுன் கோடை முகாமும்

வியாழக்கிழமை காலை ஸ்டெல்லாக்காவின் தம்பி போன் செய்தபோது நான் ஈஜிபுராவில் அலுவலகப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். "அக்கா போய்ட்டாங்கம்மா. தூக்கத்துலயே. காபி குடுக்கப் போனேன், எழுந்துக்கல" என்றார். பேருந்து வந்து நின்று, என்னை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. பிரேசர் டவுன் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. 

அவரோடு பழகிய உங்களில் பலர் அவரைக் கறாரானவர் என்பீர்கள். உண்மைதான். பெங்களூர்த் தமிழர்களைப் பற்றி ஒரே தொகுதியில் ஒரு சிறு கலைக்களஞ்சியம் கொண்டுவர நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடினோம். பேராசிரியர் இராமலிங்கம் தலைமைப் பதிப்பாசிரியர். ஸ்டெல்லாக்கா பள்ளி ஆசிரியை. நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். யார் எந்தப் பதிவைக் கொண்டுவந்தாலும் அக்காவைத் தாண்டித்தான் அது உள்ளே போக வேண்டும். "நல்ல காரியம்னா மாலை போடுங்க, கை தட்டுங்க. பதிவு எதுக்கு?" என்பார். அந்தக் கேள்வியில் அடிபட்டு விழுந்த சங்கங்களும் பெரிய மனிதர்களும் ஏராளம்.

மர்பி டவுன் குழந்தைகள் கோடை முகாமைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது நான். தண்ணீர்த் தகராறில் தமிழர்கள் தாக்கப்பட்ட தொண்ணூற்றொன்று டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு அங்கே குழந்தைகள் தெருவில் விளையாடுவதையே விட்டிருந்தார்கள். அடுத்த மே மாதம் அந்தப் பகுதி இளைஞர்கள் ஒரு கூடத்தைக் கேட்டு வாங்கி முகாம் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகள் கடந்தும் நடந்துகொண்டிருந்தது.

"கோடை முகாம் நடக்காத ஏரியா இந்த ஊர்ல எது வாசுகி? டிராயிங், பாட்டு, பிஸ்கட். இதுல என்னா விசேஷம்?" என்றார் அக்கா.

"கலவரத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சாங்கக்கா."

"ஆரம்பிச்ச காரணம் பெருசுன்னா காரியமும் பெருசாயிடுமா? வா, நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம்."

போன அன்று நேரம் சரியில்லை. தண்ணீர்த் தகராறு பற்றி ஏதோ செய்தி வந்து, கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. எங்கள் ஆட்டோக்காரர் மர்பி டவுனுக்குள் வர மறுத்து மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார். முகாம் நடக்காது என்றுதான் நினைத்தோம். கூடம் நிறையக் குழந்தைகள். தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் வெளியே கோஷம் கேட்டது. முதலில் தூரத்தில், பிறகு அடுத்த தெருவில். முகாம் நடத்திய இளைஞர்கள் பின்கதவைப் பூட்டப் போயிருந்தார்கள். முன்கேட்டை யாரோ தடியால் தட்டினார்கள். எனக்குக் கன்னடம் வராது. வாயைத் திறந்தால் நான் யாரென்று தெரிந்துவிடும் என்ற நினைப்பில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா போய்க் கேட்டைத் திறந்தார்.

"ஒளகெ யாரு?" என்றான் வந்தவன். உள்ளே யார் என்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"மக்களு சார். பேசிகெ சிபிர. பன்னி, நோடி" என்றார் அக்கா. குழந்தைகள், கோடை முகாம், வந்து பாருங்கள் என்று பிறகு அர்த்தம் சொன்னார்.

அவன் உண்மையிலேயே உள்ளே வந்துவிட்டான். கையில் தடி. வாசலில் இன்னும் நாலைந்து பேர்.  அவன் ஒரு சிறுமியின் முன் குனிந்து பெயர் கேட்டான். "ஹசீனா" என்றாள். அடுத்து அவன் பார்வை பக்கத்துப் பையன் மேல் போனது. பையனின் பெயர் தமிழரசன். காலையில் யாரோ அவனைக் கூப்பிடும்போது கேட்டிருந்தேன்.  பையன் வாயைத் திறப்பதற்குள் ஹசீனாவே, "இவனு ராஜு" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து தன் படத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டத் தொடங்கினாள்.

வந்தவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். கோஷம் அல்சூர் பக்கம் நகர்ந்தது. அக்கா குழாயடியில் போய் உட்கார்ந்தார். அவர் கையில் கொடுத்த டம்ளரிலிருந்து தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியது.

பிறகு ஹசீனாவை அருகில் அழைத்து, "ஏம்மா ராஜுன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"அவன் பேர்லயே தமிழ் இருக்கே மிஸ்" என்றாள் அவள். "பேர் கேட்டா பாத்து சொல்லணும்னு எங்கம்மி சொல்லியிருக்காங்க."

அவளுக்கு எட்டு வயதுகூட இருக்காது.

அடுத்த ஞாயிறு பேராசிரியரே பேச்சை எடுத்தார். "அந்த முகாமை விட்டுடலாம். எடம், பேரெல்லாம் அச்சுல போட்டு, நாளைக்கு எவனாவது தேடிட்டுப் போனா?" நான் உடனே ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் பேருந்தில் தமிழ்ப் பத்திரிகையைக்கூடப் பிரிக்கவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு சார்" என்றார் அக்கா. "அது வேற கேள்வி. தகுதி இருக்கா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க."

"நீங்கதானேம்மா இல்லைன்னீங்க?"

"சொன்னேன். பாக்காம சொன்னேன். கடையை மூடிட்டு உக்காந்திருந்த ஜனங்க புள்ளைங்கள மட்டும் அங்க அனுப்பியிருக்காங்க. வீட்டை விட அந்த எடத்த நம்புறாங்க. ஒரு பேர் என்னா பண்ணும்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுது. தெரிஞ்சு, பக்கத்துல இருக்கறவனயும் சேத்துக் காப்பாத்துது. இப்படி இன்னொரு முகாம் காட்டுங்க, இத எடுத்துடறேன்."

பேராசிரியர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் உடனே எழுதிவிடவில்லை. மறுபடி மர்பி டவுன் போய், முகாம் நடத்தியவர்களையும் தாய்மார்களையும் உட்காரவைத்துக் கேட்டார். ஆட்கள் பெயர் வேண்டாம், முகாமின் பெயரும் ஊரும் இருக்கட்டும் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எழுதினார். ஒரு பக்கம்கூட வராத பதிவு. அதில் ஹசீனாவும் இல்லை, தடியோடு வந்தவனும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு வளந்து எங்கியாவது நிம்மதியா இருக்கணும்" என்றார்.

புத்தகம் வெளிவந்த அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் சாப்பிடவில்லை. அதன் பிறகு தண்ணீர் பற்றியோ எல்லை பற்றியோ ஏதாவது செய்தி வந்தால் அன்றே எனக்குப் போன் வரும். "விசாரிச்சுட்டேன் வாசுகி. ஒண்ணுமில்ல. புள்ளைங்க நல்லா இருக்காங்களாம்." இத்தனை ஆண்டுகளில் அந்தப் பதிவால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அவர் விசாரிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் எதற்கக்கா என்று ஒருமுறை அலுத்துக்கொண்டேன். "எழுதுனது நாம. அவங்க வெளையாடட்டும், நாம பயப்படுவோம்" என்றார்.

சென்ற மாதம் உடம்பு முடியாமல் படுத்திருந்தவர், முகாம் பொறுப்பாளரின் எண்ணை என் போனில் பதிந்துகொள்ளச் சொன்னார். "இனிமே நீ கேளு."

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு டீக்கடை டிவியில் எங்கோ பேருந்தை மறித்திருப்பதாகச் செய்தி ஓடியது. ரோட்டோரம் நின்று அந்த எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது எடுக்கும் வரை என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடி இருக்கிறதே, அதுதான் ஸ்டெல்லாக்கா எனக்கு விட்டுப்போனது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.