மேனேஜர் இருந்த பத்தியம்

ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையைத் திறந்தபோது அரிசி டிரம்மின் மூடி தரையில் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் நான் தட்டிச் சமப்படுத்தி வைத்திருந்த அரிசியில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. திருட்டு என்றே முடிவு கட்டிவிட்டேன். திருடன் அகப்பட்டால் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு இட்லி ஊற்றினேன். எட்டரை மணிக்கு மேனேஜர் வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க வேர்வை. கைக்குழந்தையைக் கட்டிக்கொள்வதுபோல நெஞ்சின் குறுக்கே ஒரு சிவப்புத் துண்டு கட்டியிருந்தார். துண்டுக்குள் அரிசிப் பை. "இன்னாம்மா அப்பிடிப் பாக்கற? ஆறு கிலோ, அளந்துதான் எட்த்தேன். அப்பிடியே டிரம்ல கொட்டிடு" என்றார். திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனது.

அப்போது நான் திருப்பதியில், அலிபிரிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்தேன். ராமகுப்பம் பக்கத்து ஊர்க்காரி நான். எங்கள் அப்பாவுக்கு, நைனா என்று கூப்பிடுவோம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே பாதி வயது போனது. பிறகு ஒரு ஏக்கர் கைக்கு வந்து மல்பெரி போட்டார். எனக்குப் பட்டுப்புழுவுக்குத் தீனி போடுவதைவிட மனுஷருக்குப் போடுவது பிடித்திருந்தது. மேனேஜருக்குத் திருத்தணிப் பக்கம். லாட்ஜிலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் ரயிலேறி வீட்டுக்குப் போய்வருவார். ஐம்பத்தாறு வயது. வருகிறவர்களிடம் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். என் சமையலை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் சாம்பார் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அரிசி மலை ஏறிய கதையை அன்றைக்கே சொல்லிவிட்டார். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. எல்லா மருத்துவமும் பார்த்து ஓய்ந்த நேரத்தில், பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். குழந்தை பிறந்தால், பதினோராம் மாதம் மொட்டை போட, அலிபிரியின் முதல் படியிலிருந்து திருமலை வரைக்கும் அதைத் தன் மேலேயே சுமந்துகொண்டு நடந்து வருவதாக. வேறு யார் கைக்கும் மாற்றாமல். பேத்தி பிறந்துவிட்டாள். நாலு மாதம் ஆகியிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் படி. அதனால் பயிற்சி எடுக்கிறார். தினமும் பாதி வழிக்கு மேலே இருக்கும் காலி கோபுரம் வரைக்கும் அரிசியோடு ஏறி, அரிசியோடு இறங்குவார். வாரா வாரம் மகள் போனில் குழந்தையின் எடையைச் சொல்வாள். அதற்குத் தக்கபடி பையில் அரிசி கூடும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து நானே அளந்து வைக்க ஆரம்பித்தேன். மலை ஏறி இறங்கிய அந்த அரிசியைத்தான் லாட்ஜில் எல்லோரும் சாப்பிட்டோம்.

ஏழு கிலோவில் முழங்கால் பிடித்துக்கொண்டது. முதலில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழும்போது மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு நொடி நின்றார், அதிலேதான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, புது செருப்பு" என்றார். செருப்பு பழசு. இரண்டு வாரத்தில் வலது முட்டி அதிரசம் மாதிரி உப்பிவிட்டது. அப்புறம்தான் வாய் திறந்தார். வலியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "தூக்க முடியாமப் பூட்டா இன்னாம்மா பண்றது? எட்டு வருஷம் கேட்டு வாங்கின கொயந்த" என்றார்.

லாட்ஜ் ரிசப்ஷன் என்பது ஊர் ஊராக வைத்தியர்கள் வந்து போகிற இடம். ரூம் சாவியை நீட்டும்போது மேனேஜர் நொண்டுவதைப் பார்த்தால், எந்த ஊர்க்காரர் சும்மா போவார்? சேலத்துக்காரர் புளியை விடச் சொன்னார். நெல்லூர் அம்மா கத்திரிக்காயை விடச் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த பெரியவர் உருளைக்கிழங்கும் பருப்பும் வாயு என்றார். காஞ்சிபுரத்துக் குடும்பம் தயிர் குளிர்ச்சி என்றது. தக்காளியைப் பற்றி யாரோ போனில் வீடியோவே காட்டினார்கள். மேனேஜர் ஒருவரையும் மறுக்கவில்லை. ஒவ்வொருவர் அறையைக் காலி செய்யும்போதும் என் சமையலறையிலிருந்து ஒரு சாமானும் காலியானது. மறக்காமல் இருக்க, கேஸ் அடுப்புக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். வேண்டுதல் முடியும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று முதலிலேயே முட்டையும் கறியும் போயிருந்தன; ஒரு லாரி டிரைவர் சொன்ன ஆட்டுக்கால் சூப்புக்கும் அதனால் வழியில்லை. மூன்றாவது வாரம் அவர் தட்டில் வெறும் சோறும் சுரைக்காயும் மிஞ்சின. இருபது பேர் தட்டை வழித்துச் சாப்பிடும்படி சமைக்கிறவள் நான். ஒரு மனிதருக்குச் சுரைக்காயை உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்துவிட்டு அவர் அதை மென்று விழுங்குவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

இத்தனைக்கும் அவர் இளைக்கவில்லை. கையும் காலும் தளர்ந்தன, தொப்பை மட்டும் முன்னே வந்தது. காரணம் ரிசப்ஷன் மேஜையிலேயே இருந்தது. மலைக்குப் போய்த் திரும்பி அறையைக் காலி செய்கிறவர்கள் மேனேஜருக்கு லட்டில் பாதியாவது கொடுக்காமல் போக மாட்டார்கள். பகல் முழுக்கப் பசி வேறு. ஒரு நாள் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், சாம்பார்ல புளி போட்டா மூஞ்சத் திருப்பிக்கிறீங்க. இங்க புளியோதரய உருட்டிக்கினு கீறீங்க?" என்றேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இது பிரசாதம்மா. பிரசாதம் சாப்பாட்டுல சேருமா?" என்றார். அவர் ஏமாற்றவில்லை. அப்படித்தான் நம்பினார். அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

பேத்திக்கு எட்டு மாதமானபோது மேனேஜரால் மாடிப்படியே ஏற முடியவில்லை. நானும் ரூம் கூட்டும் பெண்களும் சேர்ந்து அவரை ஆட்டோவில் ஏற்றினோம். துணைக்கு நான் போனேன். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்குத் தக்க தேய்மானம்தான், மிதமிஞ்சிய பயிற்சியில் வந்த வலி என்று பிசியோ மேடத்திடம் அனுப்பினார். முப்பது வயதுகூட இருக்காது அந்த மேடத்துக்கு. முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "ஏம் தின்டாரு மீரு?" என்று தெலுங்கில், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மேனேஜர் பெருமையாக ஆரம்பித்தார். புளி இல்லை, கத்திரிக்காய் இல்லை, பருப்பு இல்லை, தயிர் இல்லை. மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடாததைக் கேட்கவில்லை, சாப்பிடுவதைச் சொல்லுங்கள்" என்றார். "சோறு, சுரைக்காய்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நிறுத்திக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். எனக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்தின் மேனேஜர், என்னைவிட மூத்தவர், சாமி விஷயம். ஆனால் அந்தக் குழந்தை எட்டு கிலோவைத் தாண்டிவிட்டது. "தினம் நாலஞ்சு லட்டு மேடம்" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். எந்தக் காயை விட்டாலும் முட்டி வலி ஓடிவிடாது, எந்த ஒன்றைத் தின்றாலும் உடனே ஆறிவிடாது. அவருக்குப் புளியும் கத்திரிக்காயும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் உழைத்த தசை தேறுவதற்குப் பருப்பும் தயிரும் கீரையும் கடலையும் வேண்டும். அதை நிறுத்திவிட்டுச் சர்க்கரையையும் நெய்யையும் தின்று எடை ஏற்றினால், அந்த எடையையும் முட்டிதான் சுமக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு அரிசிப் பை கூடாது, படி கூடாது, சமதரையில் நடை மட்டும். தொடைக்குச் சில பயிற்சிகள். பிறகு வாரம் ஒரு முறை மெதுவாக மலை ஏறலாம், பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். "ஏறுவதைவிடப் படி இறங்குவதுதான் உங்கள் முட்டிக்கு ஆகாது. இறங்கவே கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

இரண்டு நாள் மேனேஜர் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். நானும் வீம்புக்குப் பேசவில்லை. ஆனால் உள்ளுக்குள் வருத்தம் அரித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் முழு லட்டு ஒன்று. ஒரு விள்ளல் கிள்ளிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடம் நீட்டினார். "எல்லாருக்கும் குட்த்துடு. இத்தினி துன்னாலும் பிரசாதந்தான்" என்றார். பிறகு சுவரைப் பார்த்து, "அத அழிச்சிடு. கத்திரிக்கா கீதா இன்னிக்கி?" என்றார். ஈரத் துணியை எடுத்து ஒரே இழுப்பில் சுவரைத் துடைத்தேன். அன்றைக்கு வைத்த கத்திரிக்காய்க் குழம்பைப் போல அதற்கு முன்பும் வைத்ததில்லை, பின்பும் வைத்ததில்லை. கேழ்வரகுக் களி, கீரைக் கடையல், கொள்ளு, வேர்க்கடலைத் துவையல், மத்தியானம் ஒரு கிண்ணம் தயிர் என்று ஒரு வழிக்கு வந்தோம். ஒன்றரை மாதத்தில் வீக்கம் வடிந்தது. மேஜையில் கை ஊன்றாமல் எழுந்தார். என் சாப்பாட்டால் என்று நான் சொன்னேன். ஓய்வும் தொடைப் பயிற்சியும் என்றார் மேடம். மேனேஜர் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது சித்தூரில் சொந்தமாக ஒரு மெஸ் நடத்துகிறேன். பக்கத்திலேயே ஜிம் ஒன்று வந்திருக்கிறது. அங்கே முட்டியையும் தோளையும் நோகடித்துக்கொண்டு வருகிறவர்கள், "அக்கா, எத விட்டா வலி போவும்?" என்று கேட்கிறார்கள். எதையும் விடாதே, இரண்டு நாள் வெயிட்டை விடு, வலி நிற்காவிட்டால் டாக்டரைப் பார் என்று சொல்லிவிட்டுக் கொள்ளு ரசம் ஊற்றுகிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேனேஜர் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார். போன் செய்யும்போதெல்லாம் மேலும் இரண்டு கிலோ குறைந்ததை முதலில் சொல்வார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். அவர்கள் படி ஏறிய நாளைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றும் பேசிச் சிரிக்கிறோம். அன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன்.

காலையில் அலிபிரியில் தேங்காய் உடைத்து ஆரம்பித்தோம். பேத்தியைச் சிவப்புத் துண்டில் நெஞ்சோடு கட்டிக்கொண்டார். அரிசி உதைக்காது, மீசையைப் பிடித்து இழுக்காது. ஒன்பது கிலோக் குழந்தை இரண்டையும் செய்தது. பத்துப் படிக்கு ஒரு நிறுத்தம், நூறு படிக்கு ஓர் உட்கார்வு. படிகளுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டு போன பெண்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். காலி கோபுரம் வந்தது, சமதரைப் பாதையும் கடந்தது. கடைசியில் மோகாலி மெட்டு. மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால். செங்குத்தான ஏற்றம், சிலர் அதை முழங்காலாலேயே ஏறுவார்கள். பாதி ஏற்றத்தில் மேனேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மருமகன் கையை நீட்டினார். "குடுங்க மாமா, கொஞ்ச தூரம்." தலையை ஆட்டினார். "நைனா, பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் மகள், கண்ணீரோடு. அவர் அங்கேயே உட்கார்ந்து, துண்டை அவிழ்த்துக் குழந்தையைப் பக்கத்தில் விட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான்.

விட்டதுதான் தாமதம், குழந்தை மேல் படியில் கையை வைத்தது. முட்டியைத் தூக்கி ஏறியது. அடுத்த படி. அதற்கு அடுத்தது. தவழ்கிற வயது, பின்னாலேயே மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனாள். மோகாலி மெட்டில் ஒரு கைக்குழந்தை முழங்காலால் ஏறுவதைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்த கூட்டம் நின்று, "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தது. ஏழு படி ஏறிவிட்டுத் திரும்பித் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. மேனேஜரும் சிரித்தார், அழுதார், எழுந்தார். ஏழு படி ஏறிப் போய்க் குழந்தையைத் தூக்கி மறுபடி கட்டிக்கொண்டார். இனி மேலே போவார் என்று நாங்கள் பையை எடுத்தோம். அவர் கீழே திரும்பினார்.

"எங்க சார் போறீங்க?" என்றேன்.

"ஏழு படி அவளா ஏறிட்டாம்மா. நான் தூக்கிக்கினு ஏறறேன்னுதான வேண்டிக்கினேன்."

இறங்கவே கூடாது என்று மேடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து ஏழு படியும் இறங்கினார், திரும்பினார், பேத்தியின் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தார். அன்றைக்கு அலிபிரியில் ஏறினவர்கள் எல்லோரையும்விட எங்கள் மேனேஜர் ஏழு படி அதிகமாக ஏறினார்.