சங்கிலிமுத்து அண்ணனின் பொக்லைன்

எந்திரத்தில் ஏறுமுன் சங்கிலிமுத்து அண்ணன் ஆயில் பார்ப்பார். அளவுக்கம்பியை உருவி, அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாளில் துடைப்பார். சாமி படம் போட்ட தாளில் மட்டும் எண்ணெய் படாது. ரோஜாப்பூ, அருவி, கொழுகொழு குழந்தை, இவைதான் கறுக்கும். மறுபடி விட்டு உருவி, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்குவார்.

காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், போன கோடையில்தான் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கி முதலாளி ஆனார். வெம்பக்கோட்டைப் பக்கம் மண் அள்ளும்போதே அது மக்கர் பண்ணியது. பக்கெட்டில் மண் ஏறினால் கரும்புகை. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஓடும். மெக்கானிக் சோலைமலை காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "இஞ்சின் முடிஞ்சிருச்சுண்ணே. எறக்கணும்" என்றார். இஞ்சினை இறக்கிப் பழுதுபார்த்தால் ஏறும் கடனுக்கு, வண்டியை விற்பதைத் தவிர அண்ணனுக்கு வழியில்லை.

ஆனால் நாரணாபுரத்தில், நான் கணக்கு எழுதும் பட்டாசுக் கம்பெனியில், புது ஷெட்டுக்குத் தரை மட்டம் பண்ண ஒத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு இறக்கலாமென்று சோலைமலையோடு உருட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் மாடத்தி அக்கா மறித்தார். தீப்பெட்டி, போன் இருக்கிறதா என்று தேடுவது அவர் வேலை. டீசல் வண்டி என்றால், பொறி பறக்காமலிருக்க சைலன்சர் வாயில் கம்பிவலை மூடி மாட்டவைப்பதும் அவர்தான்.

"மூடி மாட்டாம உள்ள விடமாட்டேன் தம்பி."

"அதுவே மூச்சு வாங்கிக்கிட்டு வருதுக்கா. நீங்க வேற வாயப் பொத்துறீக!" என்றார் அண்ணன்.

"ஒன் வாயவும் சேத்துப் பொத்தவா?"

சூடு ஆறியதும் சோலைமலை ஏறி மூடியைச் செருகினார். போகவில்லை. தட்டினார். போகவில்லை. குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர், குறடு கேட்டார்.

உள்ளிருந்து வந்தது இன்னொரு மூடி. முன்பு எந்தக் கம்பெனி வாசலிலோ மாட்டி, கழற்ற மறந்தது. வலைக்கண்ணெல்லாம் கரி அடைத்து, தீய்ந்த பணியாரம்போல் இருந்தது.

ஸ்டார்ட் பண்ணினார்கள். கரும்புகை இல்லை; உறுமிய உறுமலில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின.

"நான் அப்பவே சைலன்சர்னுதான் நெனச்சேன்ணே."

"நெனச்சத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானலே. அதுலயும் மூடியா மாட்டிருக்கு?"

மாடத்தி அக்கா புது மூடியை நீட்டினார். "சிரிச்சது போதும். சாயங்காலம் கழத்திக் குடுத்துட்டுப் போகணும்."

அன்று பொழுது சாய்வதற்குள் தரை மட்டமாகிவிட்டது.

அண்ணனின் பழைய முதலாளி எங்கள் கம்பெனிக்கு லோடு அடிக்கிறவர். அடுத்த மாதம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அன்று காலை எங்கள் வாசலுக்கு வருமுன், அண்ணன் அவர் வீட்டுக்குப் போய், வண்டியை விற்கப் போவதாகவும் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி டிரைவராக வந்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.